இராட்சதப் பூசணி வளர்ப்பு

இராட்சதப் பூசணி வளர்ப்பு என்பது, உணவுக்காகவோ விற்பனைக்காகவோ அன்றி, இயன்றவரை நிறை கூடிய ஒற்றைப் பூசணிக்காயைப் பெறும் நோக்குடன் செய்யப்படும் போட்டித் தோட்டக்கலை ஆகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது பரவலாக உள்ளது. வசந்த காலத்தில் விதைக்கப்படும் செடியில் பெரும்பாலும் ஒரேயொரு காய் மட்டும் விடப்பட்டு, இலையுதிர் காலத்தில் நடைபெறும் நிறுவைப் போட்டிகளில் அது எடை பார்க்கப்படுகிறது. 2025 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நிறுக்கப்பட்ட காய் ஒன்று 1,278.8 கிலோகிராம் நிறை கொண்டிருந்தது.

காயின் நிறை விதையின் மரபைச் சார்ந்திருப்பினும், அந்த மரபு முழுமையாக வெளிப்படுவது மண்ணையும் கொடியையும் பேணும் முறையைப் பொறுத்ததாகும். இவ்வளர்ப்பின் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. காயை விரைந்து பெருக்கச் செய்யும் அதே நீரும் உரமும், அளவு மீறினால் அதனை வெடிக்கவும் செய்கின்றன. வெடித்த காய் போட்டிக்கு ஏற்றுக்கொள்ளப்படுவதில்லை. எனவே இராட்சதப் பூசணி வளர்ப்பை, வளர்ச்சி வேகத்துக்கும் காயின் உறுதிக்கும் இடையே சமநிலை காணும் முயற்சி எனலாம்.

இனமும் பெயரும்

இராட்சதப் பூசணிகள் குக்கர்பிட்டா மாக்சிமா என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவ்வினத்தின் தாயகம் தென் அமெரிக்கா ஆகும். தமிழில் பரங்கிக்காய், மஞ்சள் பூசணி, சர்க்கரைப் பூசணி என வழங்கும் காய்கள் இந்த இனத்தையும் இதற்கு நெருங்கிய பிற குக்கர்பிட்டா இனங்களையும் சேர்ந்தவை. வெண்பூசணி, சாம்பல் பூசணி என்று தமிழ்நாட்டிலும் நீற்றுப்பூசணி என்று இலங்கையிலும் அழைக்கப்படும் காய் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது.

போட்டிகளில் பங்குபெறும் காய்கள் ஏறத்தாழ அனைத்தும் "அட்லாண்டிக் ஜயண்ட்" என்னும் வகையின் வழிவந்தவை. கனடாவின் நோவா ஸ்கோசியா மாகாணத்தில் உள்ள வின்சர் நகரைச் சேர்ந்த உழவரான ஹோவார்டு டில் பல ஆண்டுகள் தெரிவு செய்து இவ்வகையை உருவாக்கினார். போட்டி விதைகளுக்குத் தனித்தனிப் பெயரிடும் வழக்கமும் உண்டு. விதையைத் தந்த காயின் நிறை பவுண்டு அளவில் முதலிலும், வளர்த்தவரின் குடும்பப் பெயர் அடுத்தும் வரும். எடுத்துக்காட்டாக, "2009 வாலஸ்" என்பது வாலஸ் என்பவர் வளர்த்த 2,009 பவுண்டுக் காயிலிருந்து எடுத்த விதையைக் குறிக்கும். இங்கு 2009 என்பது ஆண்டு அன்று.

வரலாறு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தைச் சேர்ந்த வில்லியம் வார்னாக் 1900 ஆம் ஆண்டில் 400 பவுண்டு நிறையுள்ள பூசணியை வளர்த்தார். 1904 ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 403 பவுண்டு நிறையுடன் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். அச்சாதனை 70 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்தது. 1976 இல் ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 451 பவுண்டுக் காய் விளைந்தபோதே அது முறியடிக்கப்பட்டது. ஹோவார்டு டில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் உலகப் போட்டியில் வென்றார். 1981 இல் அவர் வளர்த்த காய் 493.5 பவுண்டு நிறை கொண்டிருந்தது.

அதன் பின்னர் சாதனைகள் விரைந்து உயர்ந்தன. முக்கியமான சில வருமாறு:

• 1996 – 1,061 பவுண்டு (481 கிலோகிராம்), நியூயார்க் மாநிலம், ஐக்கிய அமெரிக்கா. ஆயிரம் பவுண்டைக் கடந்த முதல் காய்.
• 2012 – 2,009 பவுண்டு (911 கிலோகிராம்), ரான் வாலஸ், ரோட் தீவு, ஐக்கிய அமெரிக்கா. இரண்டாயிரம் பவுண்டைக் கடந்த முதல் காய்.
• 2014 – 1,054 கிலோகிராம், பெனி மையர், சுவிட்சர்லாந்து. ஆயிரம் கிலோகிராமைக் கடந்த காய்.
• 2016 – 1,190.5 கிலோகிராம், மத்தியாஸ் வில்லெமைன்ஸ், பெல்ஜியம்.
• 2021 – 1,226 கிலோகிராம், ஸ்டெஃபானோ குத்ருபி, இத்தாலி.
• 2023 – 1,246.9 கிலோகிராம், டிராவிஸ் கீங்கர், மினசோட்டா, ஐக்கிய அமெரிக்கா.
• 2025 – 1,278.8 கிலோகிராம், இயன் பேட்டன், ஸ்டுவர்ட் பேட்டன், இங்கிலாந்து.

வார்னாக்கின் காலத்துக்கும் இன்றைக்கும் இடையில் நிறை ஏறத்தாழ ஏழு மடங்காகியுள்ளது. விதைத் தெரிவோடு, மண் ஆய்வு, கொடிகளை ஒழுங்குபடுத்தல், கையால் மகரந்தச் சேர்க்கை செய்தல் ஆகியன பரவலானமையும் இதற்குக் காரணமாகும்.

காய் பெருக்கும் விதம்

பூசணிக்காயின் பெரும்பகுதி நீராகும். எஞ்சியது பெரும்பாலும் இலைகளில் ஒளிச்சேர்க்கையால் உருவாகும் சர்க்கரையிலிருந்து வருவது. இலையில் உருவான சர்க்கரை, புளோயம் எனப்படும் உணவு கடத்தும் திசு வழியாகக் கொடிக்கும், அங்கிருந்து காம்பு வழியாகக் காய்க்கும் செல்கிறது. உச்ச வளர்ச்சிக் காலத்தில் காய் ஒன்று நாளொன்றுக்கு 20 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறை கூடுவதுண்டு. அதாவது மணிக்கு ஏறத்தாழ 0.8 கிலோகிராம். இவ்வளவும் ஒரே காம்பின் வழியாகவே உட்செல்ல வேண்டும்.

இராட்சத வகைகளைச் சிறிய காய் தரும் வகைகளோடு ஒப்பிட்டு 2015 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று, இரண்டிலும் இலைகளின் ஒளிச்சேர்க்கை வேகத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், இராட்சத வகைகளில் புளோயம் திசுவின் அளவே கூடுதலாக உள்ளது என்றும் கண்டது. அதாவது, மனிதர் பல தலைமுறைகளாகத் தெரிவு செய்தது திறன் மிக்க இலையை அன்று, அகன்ற கடத்து வழியையே ஆகும். ஓர் இலை தரும் உணவைக் கூட்ட இயலாதபோது, இலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதும், அவை நீண்ட நாள் நலமாக இருக்கச் செய்வதும், அவற்றின் உணவு வேறெங்கும் செல்லாமல் காய்க்கே செல்லச் செய்வதுமே வளர்ப்பவரால் இயலக்கூடியவை. மண் மேலாண்மையும் கொடி மேலாண்மையும் இம்மூன்றுக்கும் உரிய வழிகளாகும்.

மண் மேலாண்மை

இடமும் ஆழமும்

ஒரு செடிக்கு ஏறத்தாழ 40 முதல் 90 சதுர மீட்டர் வரை இடம் ஒதுக்கப்படுகிறது. நாள் முழுதும் வெயில் படுவதும், நீர் தேங்காததும், காற்றுத் தடுப்பு உள்ளதுமான நிலம் ஏற்றது. உழுகருவிகள் செல்லும் ஆழத்துக்குக் கீழே இறுகிய மண்ணடுக்கு இருப்பின் வேர் ஆழச் செல்லாது, மழைநீரும் வடியாது. ஆகவே நடவுக்கு முன் அவ்வடுக்கு உடைக்கப்படுகிறது. செடி படர்ந்த பின் நிலத்தில் மிதித்து நடப்பதால் மண் மீண்டும் இறுகும். இதைத் தவிர்க்கப் பலகைகளை இட்டு அவற்றின் மேல் மட்டுமே நடப்பது வழக்கம்.

மண் ஆய்வு

மண் ஆய்வு பெரும்பாலும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே செய்யப்படுகிறது. சுண்ணாம்பு போன்றவை மண்ணோடு கலந்து செயற்படச் சில மாதங்கள் ஆகும் என்பதே இதற்குக் காரணம். பி.எச். மதிப்பு 6.5 முதல் 7.0 வரை இருப்பது விரும்பப்படுகிறது. மண் அமிலத்தன்மை உடையதாயின் சுண்ணாம்பும், பி.எச். மதிப்பை உயர்த்தாமல் கால்சியம் மட்டும் சேர்க்க வேண்டுமாயின் ஜிப்சமும் இடப்படுகின்றன.

கரிமப் பொருள்

தொழு உரம், மக்கிய இலை, மக்கு உரம் ஆகியவற்றால் மண்ணின் கரிமப் பொருள் கூட்டப்படுகிறது. இது நீரைப் பிடித்து வைக்கவும் காற்றோட்டத்துக்கும் நுண்ணுயிர்களின் செயற்பாட்டுக்கும் உதவுகிறது. பசுஞ்சாணத்தை நடவுக் காலத்தில் இடுவதில்லை. குளிர்காலம் முழுதும் மக்குவதற்கு ஏதுவாக இலையுதிர் காலத்திலேயே இட்டு உழுகின்றனர்.

"கூடுதல் உரம் கூடுதல் நிறை தரும்" என்னும் கருத்து தவறானது. ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மிகுதியாகத் தொழு உரம் இடுவதால் மணிச்சத்து தேங்குகிறது. தேங்கிய மணிச்சத்து துத்தநாகம், இரும்பு ஆகிய நுண்சத்துக்களைச் செடி எடுத்துக்கொள்ளாதபடி தடுக்கிறது. உப்புக்கள் கூடினால் வேர் நுனிகள் கருகும். சாம்பல்சத்து மிகையாயின் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உள்ளெடுப்பு குறையும். எனவே பழைய தோட்டங்களில் எதை இடுவது என்பதைப் போலவே எதை இடாமல் விடுவது என்பதையும் மண் ஆய்வே தீர்மானிக்கிறது.

மேலும், களைக்கொல்லி தெளித்த புல்லை உண்ட கால்நடைகளின் சாணத்தில் சிலவகைக் களைக்கொல்லிகள் சிதையாமல் எஞ்சியிருக்கும். பூசணிக் குடும்பச் செடிகள் இவற்றால் இலை சுருண்டு குன்றும். ஐயத்துக்குரிய எருவைச் சிறு தொட்டியில் இட்டு அவரை வகை விதைகளை முளைக்கவைத்துப் பார்ப்பது எளிய சோதனையாகும். நாற்றின் இலைகள் சுருண்டால் அந்த எரு ஒதுக்கப்பட வேண்டியது.

மூடுபயிர்கள்

அறுவடைக்குப் பின் நிலத்தைத் தரிசாக விடாமல் ரை போன்ற குளிர்காலப் பயிர்கள் விதைக்கப்படுகின்றன. இவை மண்ணரிப்பைத் தடுப்பதோடு, வசந்த காலத்தில் மடக்கி உழப்படும்போது பசுந்தாள் உரமாகவும் ஆகின்றன. கடுகு வகைகளைப் பூக்கும் தறுவாயில் நறுக்கி உடனே மண்ணில் புதைப்பதும் உண்டு. நசுங்கிய கடுகுத் திசுவிலிருந்து வெளியாகும் சேர்மங்கள் மண்வழி நோய்க் கிருமிகள் சிலவற்றைக் கட்டுப்படுத்துகின்றன.

மண்ணின் வெப்பநிலை

விதைகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்கு முளைக்கின்றன. இவற்றின் தடித்த மேலோட்டை முளை முனையைத் தவிர்த்து விளிம்பில் சற்றே அராவி, நீரில் ஊறவைத்துத் தொட்டிகளில் முளைக்க வைப்பர். வட பகுதிகளில் வசந்த கால மண் குளிர்ந்திருக்கும் ஆதலால், நடவிடம் முன்னதாகவே ஒளிபுகும் நெகிழித் தாளால் மூடப்பட்டு வெப்பமாக்கப்படுகிறது. நட்ட நாற்றும் முதல் சில வாரங்களுக்குச் சிறு கூடாரத்தில் பேணப்படுகிறது.

கொடி மேலாண்மை

கொடியின் அமைப்பு

அடித்தண்டிலிருந்து நேரே செல்வது முதன்மைக் கொடி. அதன் கணுக்களிலிருந்து இருபுறமும் கிளைப்பவை பக்கக் கொடிகள். பக்கக் கொடிகளின் கணுக்களில் தோன்றுபவை சிறுகொடிகள். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, ஒரு பூ மொட்டு, ஒரு பற்றுக்கம்பி, புதிய கொடியாக வளரக்கூடிய மொட்டு, வேராக வளரக்கூடிய முனைகள் ஆகியன உள்ளன. இவற்றுள் எதை வளரவிடுவது, எதை நீக்குவது என்னும் தெரிவே கொடி மேலாண்மை ஆகும்.

திசையமைத்தல்

முதன்மைக் கொடி பொதுவாக முதல் உண்மை இலை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் படரும். ஆகவே நாற்றை நடும்போதே, கொடி செல்ல வேண்டிய திசைக்கு நேர் எதிரே முதல் இலை இருக்குமாறு வைக்கின்றனர். தொடக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் தண்டு சில வாரங்களில் தரையில் சாயும். இந்தப் பருவத்தில் காற்றடித்தால் தண்டு அடியோடு முறியக்கூடும். குறுக்காக நடப்பட்ட குச்சிகளால் தாங்கி, அடியில் மண் அணைத்து, அது மெல்லச் சாயுமாறு செய்யப்படுகிறது.

பக்கக் கொடிகளை ஒழுங்குபடுத்தல்

பக்கக் கொடிகள் முதன்மைக் கொடிக்கு ஏறத்தாழச் செங்குத்தாக, ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லுமாறு குச்சிகளால் வழிநடத்தப்படுகின்றன. அடித்தண்டுக்கு அருகில் உள்ளவை முதலில் தோன்றுவதால் மிக நீளமாகவும், நுனியை நோக்கிச் செல்லச் செல்லக் குட்டையாகவும் இருக்கும். மேலிருந்து நோக்கினால் செடி ஊசியிலை மரத்தின் வடிவில் தோன்றும். இவ்வமைப்பில் இலைகள் ஒன்றையொன்று நிழலால் மறைப்பதில்லை. கொடிகளுக்கு இடையே நடந்து பணி செய்யவும் இடம் கிடைக்கிறது. பக்கக் கொடிகள் பொதுவாக 3 முதல் 4.5 மீட்டர் நீளம் அடைந்ததும் நுனி கிள்ளப்பட்டு, வெட்டிய முனை மண்ணில் புதைக்கப்படுகிறது.

சிறுகொடிகள் விரல் நீளம் வளர்வதற்குள் கிள்ளி எறியப்படுகின்றன. விட்டுவிட்டால் அவை புதர்போல் மண்டி, காற்றோட்டத்தைத் தடுத்து, பூஞ்சை நோய்களுக்கு இடமளிக்கும். அவற்றின் வளரும் நுனிகளும் சர்க்கரையை ஈர்ப்பவையே என்பதால் காய்க்குச் செல்ல வேண்டிய உணவு பகிரப்படும். கோடையின் நடுப்பகுதியில் ஒரு செடிக்கு நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்பணி தேவைப்படலாம். பற்றுக்கம்பிகளும் இயன்றவரை வெட்டப்படுகின்றன. அவை அண்டையிலுள்ள இலைக் காம்பையோ கொடியையோ பற்றி இழுத்துச் சேதப்படுத்தக்கூடும்.

கொடிகளைப் புதைத்தல்

பூசணிக் கொடி மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விடும் இயல்புடையது. இவ்வியல்பைப் பயன்படுத்த, கொடி செல்லும் வழியில் ஆழமற்ற பள்ளம் பறித்து, கொடியை அதில் கிடத்தி, இலைகள் மேலே நிற்குமாறு மண்ணாலோ மக்கு உரத்தாலோ மூடுகின்றனர். இதனால் மூன்று நன்மைகள் உண்டு.

• வேர்ப்பரப்பு பல மடங்காகி, நீரும் சத்தும் நிலம் முழுவதிலுமிருந்து எடுக்கப்படுகின்றன.
• காற்றில் கொடி புரளாமல் ஊன்றி நிற்கிறது.
• அடித்தண்டு நோயாலோ புழுவாலோ பழுதடைந்தாலும் கணு வேர்கள் செடியைத் தொடர்ந்து காக்கின்றன.

மூன்றாவது நன்மை முதன்மையானது. பருவத்தின் பிற்பகுதியில் அடித்தண்டு அழுகிய பின்னரும், கணு வேர்களின் துணையால் காய் தொடர்ந்து பெருத்த நிகழ்வுகள் உண்டு.

தட்டைக் கொடி

சில செடிகளில் வளர்நுனி அகன்று, கொடி பட்டையாகி, கணுக்கள் நெருங்கித் தோன்றும். இது தட்டைக் கொடி எனப்படுகிறது. இத்தகைய கொடியில் நல்ல காய் அமைவது அரிது. அதனைத் துண்டித்துவிட்டு, வலுவான பக்கக் கொடி ஒன்றை முதன்மைக் கொடியாக வழிநடத்துவது வழக்கமான தீர்வாகும்.

மகரந்தச் சேர்க்கையும் காய்த் தெரிவும்

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே செடியில் தனித்தனியே பூக்கின்றன. பெண் பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். அடித்தண்டிலிருந்து 3 முதல் 4.5 மீட்டர் தொலைவில் முதன்மைக் கொடியில் தோன்றும் பெண் பூ பெரிதும் விரும்பப்படுகிறது. அதற்கு முன் காய்பிடித்தால் செடி போதிய இலைகளைப் பெற்றிருக்காது. வெகுதொலைவில் பிடித்தால் பருவம் கடந்துவிடும்.

பூ விரிவதற்கு முந்தைய மாலையில் ஆண், பெண் மொட்டுக்கள் மூடிக் கட்டப்படுகின்றன. மறுநாள் அதிகாலையில் ஆண் பூவின் இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண் பூவின் சூல்முடியில் தடவி, வேறு மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவராதபடி மீண்டும் மூடுகின்றனர். இதனால் விதையின் தாய், தந்தை மரபுகள் இரண்டும் உறுதியாகத் தெரிகின்றன. வட அரைக்கோளத்தில் இது பெரும்பாலும் சூன் இறுதியிலோ சூலை முதற்பகுதியிலோ நிகழ்கிறது.

காப்பீடாக இரண்டு மூன்று பிஞ்சுகள் விடப்பட்டு, இரண்டு மூன்று வாரங்களில் வேகமும் வடிவும் நன்றாக உள்ள ஒன்றைத் தவிர ஏனையவை நீக்கப்படுகின்றன. அதன்பின் செடியின் முழு உழைப்பும் அந்த ஒரு காய்க்கே உரியது. அது பழுதானால் அவ்வாண்டில் மாற்று இல்லை.

காம்பு நெருக்கடி

வளரும் காயின் தோள் ஒரு மீட்டருக்கு மேல் உயரக்கூடியது. காம்போ கொடியோடு இணைந்தது, கொடியோ மண்ணில் வேரூன்றியது. காய் மேலெழும்போது கொடி உடன் எழ முடியாவிடில் காம்பு கிழியும், அல்லது கொடி முறியும். ஏனைய இடங்களில் நன்மை தரும் கணு வேர்களே இங்கு ஊறு விளைவிப்பவை. ஆகவே காய்க்கு இருபுறமும் சில கணுக்கள் வரை கொடி புதைக்கப்படுவதில்லை, அங்கு தோன்றும் வேர்களும் வெட்டப்படுகின்றன.

இன்னொரு முன்னேற்பாடு, காய்பிடிக்கும் இடத்தில் கொடியை மெல்ல வளைப்பது. காய் வளைவின் வெளிப்புறத்தில் அமையுமாறு செய்தால் அதன் தோள்கள் கொடியை அழுத்துவதில்லை. பிஞ்சு சிறிதாக இருக்கும்போதே, காம்பு கொடிக்குச் செங்குத்தாக அமையுமாறு நாளொன்றுக்குச் சிறிதளவாகத் திருப்பப்படுகிறது. வெயிலில் கொடி சற்றுத் துவண்டிருக்கும் பிற்பகல் இதற்கு ஏற்ற நேரம். காலையில் நீர் நிறைந்து விறைத்த கொடி எளிதில் முறியும். தோளில் இடிக்கும் பக்கக் கொடிகள் நீக்கப்படுகின்றன.

நீரும் உரமும்

கோடை உச்சத்தில் ஒரு செடிக்கு நாளொன்றுக்குச் சில நூறு லிட்டர் நீர் தேவைப்படலாம். நீரின் மொத்த அளவைவிட அதன் சீர்மை முக்கியமானது. சில நாட்கள் காய்ந்த பின் ஒரே நேரத்தில் பெருமளவு நீர் பாய்ந்தால், உட்சதை பெருக்கும் வேகத்துக்குத் தோல் விரிய முடியாமல் காய் வெடிக்கிறது. கடும் மழைக்குப் பின் காய்கள் வெடிப்பதற்கும் இதுவே காரணம்.

உரத் தேவை பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது. நாற்றுப் பருவத்தில் வேர் வளர்ச்சிக்கு மணிச்சத்தும், கொடி படரும்போது தழைச்சத்தும், காய் பெருக்கும்போது சாம்பல்சத்தும் முதன்மை பெறுகின்றன. காய்பிடிக்கும் தறுவாயில் தழைச்சத்து மிகையானால் இலைகள் பெரிதாகிப் பிஞ்சு உதிரும். பின்னர் மிகையானால் வெடிப்பு நேரும் வாய்ப்புக் கூடும்.

கால்சியம் உயிரணுச் சுவர்களுக்கு உறுதி தருவது. ஆனால் அது சர்க்கரையைப் போலப் புளோயம் வழியாக எளிதில் செல்வதில்லை. நீரோட்டத்துடன் வேரிலிருந்து மேலேறுகிறது. நீராவிப்போக்கு மிகுந்த இலைகளுக்கே அதில் பெரும்பங்கு சேரும். ஆதலால் மண்ணில் போதிய கால்சியம் இருந்தும், நீர்ப்பாய்ச்சல் சீராக இல்லாத தோட்டங்களில் காய்க்கு அது எட்டாமல் போகலாம். இலைமேல் தெளிக்கும் கரைசல்கள் இக்குறையை முழுமையாக ஈடுசெய்வதில்லை.

காயைப் பேணல்

பிஞ்சுப் பருவத்திலேயே காய்க்கு அடியில் மணல் பரப்பியோ நீர் வடியும் விரிப்பு இட்டோ ஈரம் தேங்காமல் செய்யப்படுகிறது. காய் பெருத்த பின் அதனை அசைக்க இயலாது. நேரடி வெயில் தோலை விரைவில் முற்றச் செய்து விரியும் தன்மையைக் குறைக்கும் ஆதலால், மேலே துணியாலோ பந்தலாலோ நிழல் அமைக்கப்படுகிறது. குளிர்ந்த இரவுகளில் போர்வை போர்த்துவதும் உண்டு.

இராட்சதப் பூசணிகள் உருண்டையாக இராமல் தட்டையாகச் சரிந்து காணப்படுவதற்கு அவற்றின் சொந்த நிறையே காரணமாகும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு 2011 இல் வெளியிட்ட ஆய்வு, வளரும் காய் தன் நிறையால் நிலையாக உருமாறுவதை விளக்கியது. அடிப்பகுதி வளைந்து மேலெழுவதும் உண்டு.

நிறுக்காமலேயே நிறையை மதிப்பிட மூன்று அளவுகள் எடுக்கப்படுகின்றன: தரைக்கு இணையான சுற்றளவு, காம்பு முனையிலிருந்து பூ முனைக்கு மேலாகச் செல்லும் நீளம், பக்கத்திலிருந்து பக்கத்துக்கு மேலாகச் செல்லும் நீளம். இவற்றின் கூட்டுத்தொகையை அட்டவணையோடு ஒப்பிட்டு நிறை கணிக்கப்படுகிறது. நாள்தோறும் அளந்து வருவதால் வளர்ச்சி வேகம் மிகும் நாட்களையும் குறையும் நாட்களையும் அறிந்து நீரையும் உரத்தையும் மாற்ற இயல்கிறது.

நோய்களும் பூச்சிகளும்

• சாம்பல் நோய்: இலைமேல் வெண்பொடி போலப் படரும் பூஞ்சை. இலைகளை முன்கூட்டியே முதிர்வித்து, காய்க்கு உணவு தரும் நாட்களைக் குறைக்கிறது.
• அடித்தண்டு அழுகல்: மண் ஈரம் மிகுந்து காற்றோட்டம் குன்றும்போது ஏற்படுகிறது. அடித்தண்டைச் சுற்றி உலர்வாக வைப்பதும், முதிர்ந்த இலைகளை நீக்குவதும் முன்காப்பு முறைகளாகும்.
• கொடித் துளைப்பான்: வட அமெரிக்காவில் காணப்படும் அந்துப்பூச்சியின் புழு. கொடியின் உள்ளே துளைத்து உண்கிறது.
• வெள்ளரி வண்டு: இலைகளைத் தின்பதோடு பாக்டீரிய வாடல் நோயையும் பரப்புகிறது.

ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் பூசணியே பயிரிடப்படுவதால் மண்வழி நோய்கள் பெருகும். இடவசதி உள்ளோர் நிலத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகின்றனர்.

நிறுவையும் விதிகளும்

பல நாடுகளில் நடைபெறும் போட்டிகளுக்கான விதிகளை "கிரேட் பம்ப்கின் காமன்வெல்த்" என்னும் அமைப்பு வகுக்கிறது. காய் அழுகலின்றி இருத்தல் வேண்டும். உட்குழிவு வரை செல்லும் துளையோ வெடிப்போ இருந்தால் அது சாதனைக்கு ஏற்றுக்கொள்ளப்படாது. இவ்வினத்துக் காய்களுள் பச்சை அல்லது சாம்பல் நிறமுடையவை தனிப் பிரிவில் நிறுக்கப்படுகின்றன.

2021 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 2,520 பவுண்டு நிறை காட்டிய காய் ஒன்று, விரல் நகம் அளவேயான வெடிப்பின் காரணமாகத் தகுதி இழந்தது. நிறையை மட்டும் நோக்காது உறுதியையும் பேண வேண்டியதன் தேவையை இது காட்டுகிறது.

பயன்பாடு

இக்காய்களின் சதை நீர்த்தன்மை மிகுந்து சுவை குன்றியிருப்பதால் உணவாகப் பெரிதும் பயன்படுவதில்லை. பெரும்பாலானவை காட்சிக்கு வைக்கப்படுகின்றன, அல்லது செதுக்கப்படுகின்றன. வின்சர் நகரில் 1999 இல் குடைந்த பூசணிகளைப் படகாக்கிச் செலுத்தும் போட்டி தொடங்கப்பட்டது. இறுதியில் காய்கள் கால்நடைகளுக்கு உணவாகவோ மக்கு உரமாகவோ ஆகின்றன. உள்ளிருக்கும் விதைகள் அடுத்த ஆண்டுக்கென எடுக்கப்பட்டு, வளர்ப்போரிடையே பகிரப்படுகின்றன அல்லது ஏலம் விடப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

• பூசணி
• நீற்றுப்பூசணி
• ஒளிச்சேர்க்கை
• மகரந்தச் சேர்க்கை
• பசுந்தாள் உரம்